உப்பிட்டவர் யார்?

கேள்வி: மலைச்சரிவை வெட்டி விதிமீறிக் கட்டப்படும் ஒரு விடுதியைப் பற்றி எழுதிய எங்கள் ஊர் நிருபரை அவருடைய பத்திரிகையே நிறுத்திவிட்டது. அரசு விளம்பரத்தில் பிழைக்கும் பத்திரிகை, ஆள்பவர்களோடு ஒத்துப்போவதில் என்ன தவறு? உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டாமா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: கட்டாயம் நினைக்க வேண்டும். உப்பிட்டவர் யார் என்பதில்தான் உங்களோடு எனக்குச் சண்டை. அரசு விளம்பரத்துக்கான பணம் எந்தக் கட்சியின் கல்லாவிலிருந்தும் வருவதில்லை. குன்னூர் மார்க்கெட்டில் நீங்கள் வாங்கும் சோப்புக்குக் கட்டிய வரியும் அதில் இருக்கிறது. அந்தப் பணத்தைக் காட்டி உங்களுக்குத் தெரிய வேண்டிய செய்தியை மறைக்கிறார்கள். அதற்கு நன்றிக்கடன் என்று பெயர் வைக்காதீர்கள், ஐயா.

2009 நவம்பர் மழையில் நம் மாவட்டத்தில் மண்சரிவுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் பலியானார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எந்தச் சரிவை வெட்டுகிறார்கள், எந்த ஓடையை மறித்துச் சுவர் எழுப்புகிறார்கள் என்று மழைக்கு முன்பே சொல்லக்கூடியவர் உள்ளூர் நிருபர்தான். சென்னையில் இருக்கும் ஆசிரியருக்கு அது தெரியவே தெரியாது.

அந்த நிருபரின் பிழைப்பைப் பாருங்கள். பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. வெளியான செய்திக்கு இவ்வளவு என்று ஒரு தொகை, பெட்ரோலுக்கே பற்றாது. பொங்கல் மலர் வந்தால், அவரே ரசீதுப் புத்தகத்தோடு ஒப்பந்ததாரர் வீட்டுக்கும் கவுன்சிலர் வீட்டுக்கும் போய் வாழ்த்து விளம்பரம் கேட்க வேண்டும். அதே ஒப்பந்ததாரர் கட்டிய தடுப்புச் சுவர் ஐப்பசி மழையில் சரிந்தால், அதை எழுத வேண்டியவரும் அவரே. எழுதினால் முதலில் ஒரு போன் வரும்: "அண்ணா, தலைவர் மிகவும் வருத்தப்படுகிறார்." அடுத்த போன் தலைமை அலுவலகத்துக்குப் போகும். பிறகு விளம்பரம் நிற்கும். கடைசியில் அடையாள அட்டையைத் திருப்பிக் கேட்பார்கள். அரிவாள் தேவைப்படுவதே இல்லை.

பெரிய பத்திரிகைகளும் தப்பவில்லை. 1987-இல் அட்டைப்பட நகைச்சுவைக்காக ஆனந்த விகடன் ஆசிரியருக்குத் தமிழகச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் விட்டார்கள். 2025 பிப்ரவரியில் பிரதமரைப் பற்றிய கேலிச்சித்திரத்துக்காக விகடன் இணையதளமே முடக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் மார்ச்சில் முடக்கத்தை நீக்கச் சொன்னது. அந்தச் சித்திரத்தை மட்டும் எடுக்க வேண்டியிருந்தது. ஆட்சியும் கட்சியும் வேறு, கை நீளும் விதம் ஒன்றுதான். ஆனால் விகடனுக்கு வழக்கறிஞர்கள் இருந்தார்கள், குரல் கொடுக்க வாசகர்கள் இருந்தார்கள். கூடலூரில் ஒரு நிருபர் மீது அவதூறு வழக்கு விழுந்தால், வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறி அலைவதே அவருக்குத் தண்டனை. தீர்ப்பு வருவதற்குள் அவர் வேறு தொழிலுக்குப் போயிருப்பார். அரசியல் சட்டப் புத்தகத்தில் பேச்சுரிமை தரும் 19-ஆவது பிரிவு பத்திரமாக இருந்து அவருக்கு என்ன பயன்?

உங்கள் ஊர் நிருபரை நிறுத்திய பத்திரிகை மீதுதான் எனக்கு அதிகக் கோபம். மிரட்டியவர் தன் வேலையைச் செய்தார். காக்க வேண்டியவர்கள் கைகழுவினார்கள். இங்கே நாங்கள் ஒரு முடிவோடு இருக்கிறோம்: செய்தி எழுதுபவர் விளம்பரம் கேட்டுப் போகக் கூடாது. இதனால் பக்கங்கள் குறைந்திருக்கின்றன. குறையட்டும்.

உங்கள் கடிதத்தில் "என் பெயரைப் போட வேண்டாம்" என்று அடிக்கோடிட்டிருக்கிறீர்கள். போடவில்லை. அந்த நிருபர் தன் பெயரைப் போட்டுத்தான் எழுதினார், அதே ஊரில் குடியிருந்துகொண்டு. அவருக்காக நீங்கள் ஒன்று செய்யலாம். அந்தக் கட்டடத்துக்கு அனுமதி உண்டா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு மனு போடுங்கள். 30 நாட்களில் பதில் தந்தாக வேண்டும். பதிலின் நகலை எங்களுக்கு அனுப்புங்கள். அவரையும் எங்களிடம் பேசச் சொல்லுங்கள். செய்தியை அவரே எழுதட்டும், அவர் பெயரிலேயே வெளியிடுகிறோம்.