எடைக்குப் போட்டுவிடலாமா?

கேள்வி: ஐயா, கிருஷ்ணகிரி பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். 90களில் நடந்த வி.ஆர். (மெய்நிகர் உலகம்) மாநாடுகளின் கட்டுரைத் தொகுதிகள் சில எங்களிடம் தூசி படிந்து கிடக்கின்றன. யாரும் தொடுவதில்லை. அலமாரியில் இடமும் இல்லை. எடைக்குப் போட்டுவிடலாமா?
- ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: வேண்டாம் அம்மா. பத்துப் பத்துப் பிரதியாக 'சி' மொழி கைடுகள் இருக்குமே, அவற்றைக் கழித்தாலே பாதி அலமாரி காலியாகிவிடும்.

மாங்கனிக் கண்காட்சியில் ஒரு ஸ்டாலில் வி.ஆர். கண்ணாடி மாட்டி ரோலர் கோஸ்டர் காட்டினார்கள். எனக்கு முன்னால் உட்கார்ந்த இளவட்டம் கண்ணாடியைக் கழற்றியதும் தலையைப் பிடித்துக்கொண்டு சோடாக் கடையைத் தேடினான். 'பறக்கிறேன்' என்கிறது கண், 'நாற்காலியில்தானே இருக்கிறாய்' என்கிறது உள்காது. தலை திரும்பிய பிறகு படம் சாவகாசமாகத் திரும்பினால் கிறுகிறுப்பு இன்னும் கூடும். அந்தத் தாமதத்தோடு மல்லுக்கட்டியவர்கள் எழுதி வைத்ததுதான் இந்தத் தொகுதிகள். கணினி வரைகலைக்கான சிக்ராஃப் மாநாட்டின் 1994 தொகுதியில் அசூமா, பிஷப் இருவரின் கட்டுரை இருக்கிறது. தலையில் கட்டிய சென்சாரை வைத்து, தலை அடுத்த கணம் எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே கணித்தார்கள். கணிக்காமல் விட்டதைவிடப் பிழை சராசரியாக 5 முதல் 10 மடங்கு குறைந்தது. இன்றைய கண்ணாடிகளும் இப்படிக் கணித்துத்தான் படம் காட்டுகின்றன.

முதலில் அட்டையைப் பாருங்கள். ஐ.இ.இ.இ. என்ற பொறியாளர் சங்கம் 1993இல் சியாட்டிலில் நடத்தியது, சிக்ராஃப் போன்றவை என்றால் இணைய நூலகத்தில் இருக்கும். கல்லூரிச் சந்தா இருந்தால் போதும். 1991 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் மெக்லர் பதிப்பகம் நடத்தியது மாதிரியான மாநாட்டுத் தொகுதி கையில் இருந்தால் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். ஆராய்ச்சியாளரும் வியாபாரியும் ஒரே மேடையில் பேசிய காலம் அது. யார் எதை விற்க வந்தார்கள் என்பதும் அதில் தெரியும். எனக்கு அதுதான் ருசி.

கேள்வி: பாலிடெக்னிக் கடைசி வருடம். வி.ஆர். ப்ராஜெக்ட் செய்ய ஆசை. கையில் போன் மட்டும்தான். எங்கே ஆரம்பிப்பது?
- மாணவர், பாலக்கோடு

பதில்: 1968இல் ஐவன் சதர்லேண்ட் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில், தலையில் மாட்டிப் பார்க்கும் தன் கருவியைப் பற்றிக் கொடுத்த கட்டுரையைப் படியுங்கள் தம்பி, எட்டே பக்கம். கண்ணுக்கு ஒன்றாக இரண்டு குட்டிப் படக்குழாய்கள். தலை அசைவை அளக்கக் கூரையிலிருந்து தொங்கும் தண்டு. தலை நடமாட 6 அடி குறுக்களவு, 3 அடி உயரம் உள்ள இடம். மேலும் கீழும் 40 டிகிரி வரை தலையைச் சாய்க்கலாம். அவர் காட்டிய அறை வெறும் கோடுதான். நான்கு சுவரிலும் திசைக்கு ஓர் எழுத்து, கூரைக்கும் தரைக்கும் ஒவ்வொன்று.

அதே அறையை உங்கள் போனில் வரையுங்கள். போனைத் திருப்பினால் வடக்குச் சுவர் வடக்கிலேயே நிற்க வேண்டும். நழுவினால், போன் திரும்புவதை அளக்கும் ஜைரோ சென்சார் கணக்கைச் சரிபாருங்கள். இரண்டு கண்ணுக்கும் தனிப்படம் எல்லாம் அதற்குப் பிறகு. 'மெட்டாவெர்ஸ்' என்று தலைப்பு வைக்கச் சொல்வார் கைடு. வைத்துவிடுங்கள், இன்டர்னல் மார்க் அவர் கையில்.