பழைய டிவி கேம் விளையாடப் பிக்சர் டியூப் டிவி வாங்கலாமா? எதை வாங்குவது, என்ன மாற்றம் செய்யலாம்?

வாங்கலாம், தாராளமாக வாங்கலாம். ஆனால் 29 இஞ்ச் ஃபிளாட் டிவியைத் தேடி அலையாதீர்கள். வளைந்த கண்ணாடி உள்ள 14 அல்லது 21 இஞ்ச், கம்பெனியே வைத்த மஞ்சள் ஏவி பின் (கேம் செட்டின் வீடியோ ஒயரைச் சொருகும் இடம்), பழுதில்லாத டியூப், இவ்வளவு போதும். 2006 முதல் 2011 வரை தமிழக அரசு வீடு வீடாகக் கொடுத்த 14 இஞ்ச் இலவச கலர் டிவி உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் முதலில் அதை இறக்கிப் பாருங்கள். நான் இன்றைக்கும் மரியோ விளையாடுவது அதில்தான்.

எல்.இ.டி டிவியில் ஏன் நன்றாக இல்லை என்றால், இந்தக் கேம்கள் இன்டர்லேஸ் (ஒன்றுவிட்டு ஒரு வரியாக இரண்டு தவணையில் படம் அனுப்புவது) இல்லாமல் படம் அனுப்புகின்றன, புது டிவிகள் பலவும் அதை இன்டர்லேஸ் என்று நினைத்துக்கொண்டு வரிகளைக் கலந்து, பெரிதாக்கி, அப்புறம்தான் திரைக்கு அனுப்பும். அதற்குள் நீங்கள் பட்டனை அழுத்தி மரியோ பள்ளத்தில் விழுந்திருப்பார். பிக்சர் டியூபில் அந்தத் தாமதம் கிடையாது, சிக்னல் வர வர வரைந்துகொண்டே போகும். அதனால்தான் பெரிய ஃபிளாட் டிவிகளில் பெரிய விலைக்கு விற்ற 100 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 100 தடவை திரையை வரையும்) வகையை வேண்டாம் என்கிறேன். அவையும் படத்தை மெமரியில் வாங்கி வைத்துத்தான் காட்டும். வாத்து சுடும் துப்பாக்கி அதில் வேலையே செய்யாது.

காயலான் கடைக்கோ ரிப்பேர் கடைக்கோ போகும்போது கேம் செட்டையும் ஒரு கேசட்டையும் கையோடு கொண்டு போங்கள். டிவி ஆறிப்போய் இருக்கும்போதே ஆன் செய்யச் சொல்லுங்கள். கடைக்காரர் முன்பே போட்டு வைத்திருந்தால், அணைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். ஏனென்றால் தேய்ந்த டியூப் சூடானபின் நல்ல டியூப் மாதிரியே தெரியும். படம் வெளிச்சமாக ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனாலோ, வெள்ளை நிறம் சிவப்பாகவோ பச்சையாகவோ சாய்ந்தாலோ விட்டுவிடுங்கள். டியூபுக்கு மாற்று இல்லை, மற்ற எதையும் சரி செய்யலாம். மூலையில் கலர் திட்டு இருந்தால் பயப்பட வேண்டாம், பக்கத்தில் ஸ்பீக்கர் காந்தம் இருந்திருக்கும். மரியோவை ஓடவிட்டு, மேலே உள்ள ஸ்கோர் வரி வெட்டுப்படாமல் தெரிகிறதா, கீழே செங்கல் தரை நெளியாமல் நகர்கிறதா என்று பாருங்கள். சோனியின் ட்ரினிட்ரான் டியூப் உள்ள டிவி கிடைத்தால், திரைக்குக் குறுக்கே மெல்லிய நிழல் கோடு ஒன்றோ இரண்டோ தெரியும். அது பழுது அல்ல, உள்ளே இருக்கும் கம்பியின் நிழல். ஜப்பான், அமெரிக்க கன்சோல் வைத்திருப்பவர்கள் அதே டிவியில் என்.டி.எஸ்.சி (அந்த நாடுகளின் டிவி சிக்னல் முறை) கலரில் வருகிறதா என்றும் பார்த்துவிட வேண்டும், நம்மூர் முறையான பால் (PAL) மட்டும் தெரிந்த பழைய செட்டுகளில் கறுப்பு வெள்ளையாக வரும்.

மாற்றம் என்றதும் எல்லோரும் ஆர்.ஜி.பி (சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனி ஒயரில் கொடுப்பது) பற்றித்தான் கேட்கிறார்கள். நான் முதலில் கெபாசிட்டரை (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் சின்ன பாகம்) மாற்றச் சொல்வேன். படம் மேலே சுருங்குவது, நெளிவது, இதில் பாதி காய்ந்துபோன கெபாசிட்டரால் வருவது, சில ரூபாய்ச் செலவு. அடுத்து சர்வீஸ் மெனு, அதாவது படத்தின் அளவையும் இடத்தையும் சரி செய்ய மெக்கானிக்குகளுக்காக ஒளித்து வைத்த மெனு. அதில் எதையும் தொடுவதற்கு முன் எல்லா எண்களையும் போனில் படம் எடுத்து வையுங்கள். நான் எடுக்காமல் ஒரு முறை இரண்டு நாள் அல்லாடினேன்.

ஆர்.ஜி.பி, பிளேஸ்டேஷன் மாதிரி அதைக் கொடுக்கும் கன்சோல் இருந்தால் மட்டும். நம்மூர் 8 பிட் கேம் செட்டுகளில் அந்த வசதி கிடையாது, மஞ்சள் பின்னே கதி. 90களின் கடைசிக்குப் பின் வந்த பல போர்டுகளில் முக்கிய ஐ.சி.யிலேயே ஆர்.ஜி.பி உள்ளே வரும் கால்கள் இருக்கும். அந்த ஐ.சி.யின் டேட்டாஷீட்டில் (எந்தக் கால் எதற்கு என்று சொல்லும் தாள்) பார்த்து, ஒவ்வொரு நிறத்துக்கும் கிரவுண்டுக்கு 75 ஓம் ரெசிஸ்டர், வழியில் ஒரு கெபாசிட்டர், ஆர்.ஜி.பிக்கு மாறச் சொல்லும் பிளாங்கிங் காலுக்கு ஒன்றிலிருந்து மூன்று வோல்ட், படத்தை உருளாமல் நிறுத்தும் சிங்க் சிக்னல் பழைய மஞ்சள் பின் வழியாக. எழுத்துகளின் ஓரம் அப்படியே கத்தி வைத்து வெட்டியது போல நிற்கும். கம்பெனி ஏவி பின் இல்லாத டிவியில் மட்டும் இதைச் செய்யவே கூடாது. அதன் கிரவுண்டே மெயின்ஸோடு சேர்ந்திருக்கலாம், கன்சோலைத் தொட்டால் ஷாக்.

பின்மூடியைக் கழற்றும் முன் இதைப் படித்துவிடுங்கள். 21 இஞ்ச் டியூபில் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்சம் தங்கும். மெயின் கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல், அந்த மின்சாரத்தைத் தனியாக இறக்க வேண்டும். டியூபைச் சுற்றியுள்ள பின்னல் கம்பியில் ஒயரின் ஒரு முனையையும், நல்ல பிடியுள்ள ஸ்க்ரூடிரைவரில் மறு முனையையும் மாட்டி, டியூபின் மேல் உள்ள ரப்பர் மூடிக்கு அடியில் நுழைத்து, தங்கிய மின்சாரத்தை டிஸ்சார்ஜ் செய்யுங்கள். "இன்னொரு கை பாக்கெட்டுல இருக்கட்டும் தம்பி" என்பார் எனக்குச் சொல்லிக் கொடுத்த மெக்கானிக் அண்ணன். முதல் தடவை அப்படி ஒருவர் பக்கத்தில் இல்லாமல் திறக்காதீர்கள்.

தூக்கும்போது கண்ணாடிப் பக்கம் நெஞ்சோடு அணைத்துத் தூக்குங்கள், எடையெல்லாம் முன்னால்தான் இருக்கிறது. ஆட்டோவில் ஏற்றினால் சீட்டில், கண்ணாடி சாய்மானத்தைப் பார்த்தபடி.