ஆடிப் பட்டத்துக்கு வீட்டுக்குள் நாற்று வளர்க்கலாமா?

வேலூரில் குடியிருப்புப் பொதுத் தோட்டத்துக்கு வீட்டுக்குள்ளேயே நாற்று வளர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முளைக்கும் வரை வளர்க்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

கத்தரி, தக்காளி, மிளகாய்க்கு மட்டும் குழித்தட்டு (சிறு சிறு குழிகள் கொண்ட நாற்றுத் தட்டு) போதும். வெண்டை, அவரையை நேரடியாக மண்ணில் ஊன்றுங்கள். தட்டின் குழிகளில் மக்கிய தென்னை நார்க்கழிவை நிரப்பி, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் குழிக்கு ஒரு விதை இடுங்கள். நார்க்கழிவைக் கையில் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் கசியலாம், ஒழுகக் கூடாது. ஈரம் மிஞ்சினால் தண்டின் அடி நீர்கோத்து, நாற்று அப்படியே சாய்ந்துவிடும். நாற்றழுகல் என்பது இதுதான்.

முளை தலைகாட்டிய அன்றே தட்டை வெளியே நிழல்வலைக்கு மாற்றுங்கள். உள்ளேயே வைத்தால் வெளிச்சம் தேடி நூல்போல நீண்டு துவளும். தக்காளி சுமார் 25 நாளில் நடவுக்குத் தயார். கத்தரி 30-35, மிளகாய் 40 நாள் வரை கேட்கும். கடைசி வாரம் வெயிலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கி, மாலையில் நடுங்கள்.