தம்பியிடம் சாவி இருக்கட்டும், வாரந்தோறும் ஸ்டார்ட் செய்ய வேண்டாம்

கேள்வி: ராணுவப் பணிக்காக 14 மாதங்கள் வெளிநாடு செல்கிறேன். அப்பா எனக்கு விட்டுச்சென்ற பெட்ரோல் பிக்கப் டிரக்கை இதுவரை ஒரு கீறல் விழாமல் காத்து வருகிறேன். கூரையுள்ள கொட்டகையில் அதை நிறுத்திவிட்டுப் போக எண்ணம். வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து 10 நிமிடம் ஓடவிடுவதாகத் தம்பி சொல்கிறான். அது போதுமா?

பதில்: உங்கள் தம்பியின் அக்கறை பெரிது. ஆனாலும் அந்த 10 நிமிட ஓட்டம் வேண்டாம் என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. சாலையில் நெடுந்தூரம் ஓடும் வண்டியில் அந்த ஈரம் சூட்டோடு வெளியேறிவிடும். நின்ற இடத்திலேயே சற்று நேரம் ஓடி அணையும் இன்ஜினில் ஆயில் போதிய சூட்டை எட்டாததால், ஈரம் ஆயிலிலும் சைலன்சருக்குள்ளும் தங்கிவிடும். இப்படி வாரந்தோறும் தவறாமல் ஸ்டார்ட் செய்யப்பட்ட ஒரு வண்டியின் ஆயில் மூடியைத் திறந்து பார்த்திருக்கிறேன். மூடியின் உட்புறம் முழுவதும் வெளிறிய மஞ்சள் நிறத்தில் களிம்பு போல நுரை அப்பியிருந்தது. சைலன்சரின் அடிப்பக்கத்தை விரலால் தட்டியதும் துரு செதில் செதிலாக உதிர்ந்தது. மாதம் ஒருமுறை அரை மணி நேரம் சாலையில் ஓட்டிவரத் தம்பியால் முடியுமென்றால் அது நல்லது. முடியாதென்றால், வண்டியை முறையாகத் தயார் செய்து, திரும்பி வரும்வரை தொடாமல் விட்டுவிடுவதே மேல்.

புறப்படுவதற்கு முன் கடைசியாக ஒருமுறை வண்டியை வெளியே எடுங்கள். பெட்ரோல் சில மாதங்களிலேயே கெடத் தொடங்கும். எத்தனால் கலந்ததாக இருந்தால் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். ஆகவே, ஓராண்டுக்கு மேல் தாங்கும் என்று குறிப்பிடப்பட்ட ஃப்யூயல் ஸ்டெபிலைசரை (பெட்ரோல் கெடாமல் காக்கும் மருந்து) அதில் சொன்ன அளவில் டேங்கில் ஊற்றி, அதன்மேல் ஏறக்குறைய முழு டேங்க் பெட்ரோல் நிரப்பி, அரை மணி நேரம் ஓட்டி வாருங்கள். அப்போதுதான் மருந்து கலந்த பெட்ரோல் குழாய்களையும் இன்ஜெக்டர்களையும் சென்றடையும். வீடு திரும்பிய சூட்டோடு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். ‘வந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம்’ என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பழைய ஆயிலில் அமிலமும் ஈரமும் சேர்ந்திருக்கும்; அது 14 மாதங்கள் பேரிங்குகளின் மேல் படிந்து கிடக்கக் கூடாது.

பேட்டரிக்கு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டி அணைந்திருந்தாலும் கடிகாரம், அலாரம், கணினி ஆகியவை சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் வரை இழுக்கக்கூடும். அது நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி, 60 ஆம்பியர்-மணி பேட்டரி 50 நாளில் வற்றிவிடும். வற்றிய நிலையிலேயே கிடக்கும் பேட்டரி பிறகு சார்ஜ் ஏற்காது. கொட்டகையில் மின்சாரம் இருந்தால், நிரம்பியதும் தானாகக் குறைத்துக்கொள்ளும் பராமரிப்பு சார்ஜரில் இணைத்து வையுங்கள். இல்லையென்றால் முதலில் நெகட்டிவ் முனையைக் கழற்றி, பேட்டரியை வெளியே எடுத்துத் தம்பியிடம் கொடுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை அவர் அதைச் சார்ஜ் செய்துவைத்தால் போதும்.

ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவைக்காதீர்கள். பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். டயரில் வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாகக் காற்று அடிக்கலாம், ஆனால் டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது. ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்து டயரின் பாரத்தைக் குறைக்க முடிந்தால் இன்னும் நல்லது.

எலியை லேசாக எண்ணாதீர்கள். வயரைக் கடித்துவைத்தால் எங்கே அறுந்தது என்று தேடுவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். ஏர் ஃபில்டருக்குப் போகும் வழியையும் சைலன்சர் வாயையும் கம்பி வலையால் அடைத்து, அடைத்த இடங்களை ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங்கில் கட்டிவிடுங்கள். வண்டியின் அடிப்பகுதி உட்பட நன்றாகக் கழுவி, முழுவதும் உலர்ந்த பிறகே மூடுங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாய் உள்ளிருக்கும் ஈரத்தை வெளியே விடாது. காற்றுப் புகும் துணி உறையே ஏற்றது.

காப்பீட்டை அடியோடு நிறுத்திவிடாதீர்கள். நிற்கும் வண்டிக்கும் தீயும் திருட்டும் உண்டு. ஓட்டாத காலத்துக்கென்று தனித் திட்டம் இருக்கிறதா என்று நிறுவனத்தைக் கேளுங்கள். உங்கள் சார்பில் தம்பி செயல்படத் தேவையான அதிகாரப் பத்திரத்தையும் புறப்படுவதற்கு முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

திரும்பி வந்ததும் சாவியைத் திருகும் அவசரம் வேண்டாம். அடைப்புகளை எடுத்து, எலிக்கூடு இருக்கிறதா என்று பார்த்து, ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், டயர் காற்று ஆகியவற்றைச் சரிபார்த்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். டிஸ்க்கில் படிந்த துரு தேயும்வரை பிரேக் கரகரக்கும். வாசலுக்குள்ளேயே மெல்ல நகர்த்தி, இரண்டு மூன்று முறை பிரேக் பிடித்துப் பார்த்துவிட்டுச் சாலைக்கு எடுங்கள்.