ஒரே ஃபோன், நாலு பிள்ளைகள்: கேள்வி பதில்

ஜவ்வாது மலையில் அரசு நடுநிலைப் பள்ளியில் 22 வருடமாகக் கணக்கு டீச்சராக இருக்கிறேன். ஃபோன் வழியாகப் பாடம் நடத்துவது பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு, எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

செங்கத்திலிருந்து ஓர் ஆசிரியர்: பாட வீடியோ அனுப்பினால் பாதிப் பேர் திறப்பதே இல்லை. பிள்ளைகளுக்கு அக்கறை போய்விட்டதா டீச்சர்?

இல்லை சார். 2020 மார்ச்சில் பள்ளியை மூடியபோது நானும் வீடியோதான் அனுப்பினேன். அப்புறம்தான் வீடு வீடாகப் போய்க் கேட்டேன். ஒரு வீட்டுக்கு ஒரே ஃபோன். அப்பா வேலைக்குக் கிளம்பினால் அதுவும் கூடவே போகும். இரவு 8 மணிக்கு அது வீடு திரும்பும்போது அன்றைய டேட்டா தீர்ந்திருக்கும். அண்ணன் இருக்கும் வீட்டில் தங்கைக்கு அந்த நேரமும் கிடைக்காது.

அதனால் வீடியோவை விட்டுவிட்டு 3 நிமிடக் குரல் பதிவுக்கு மாறினேன். அரை எம்.பி. அளவுதான் வரும், ஒரு கோடு சிக்னல் இருந்தாலும் இறங்கிவிடும். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஃபோனை எவர்சில்வர் சொம்புக்குள் நிறுத்தி வைத்திருந்ததைப் பார்த்தேன். சத்தம் கூடுமாம். தம்பி, தங்கை, பக்கத்து வீட்டுப் பையன், ஓரமாகப் பாட்டி, எல்லோரும் சொம்பைச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். அன்றிலிருந்து என் பதிவில் முதல் கேள்வி பாட்டிக்குத்தான். "உங்க வீட்டுல தானியம் அளக்கிற படி எவ்வளவு பிடிக்கும்?" என்று கேட்டேன். அதற்கு வந்த குரல் பதிவுகளைப் போல எந்த வீட்டுப் பாடத்துக்கும் வந்ததில்லை.

ஆரணி: பத்தாயிரத்துக்குள் எந்த ஃபோன் நல்லது?

கடையில் கேளுங்கள். வாங்கிய பிறகு அதை யார் கையில், எத்தனை மணிக்குக் கொடுப்பது என்று வீட்டில் பேசி வையுங்கள்.

வந்தவாசி ஆசிரியை: பரிசு வாங்கிய பிள்ளைகளின் படத்தை ஸ்டேட்டஸில் போடலாமா?

வேண்டாம் அம்மா. முகம், பெயர், பள்ளி மூன்றும் சேர்ந்தால் முன்பின் தெரியாதவருக்கும் அந்தக் குழந்தையைத் தேடி வர வழி கிடைக்கிறது. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்கிறது. மதிப்பெண் பட்டியலையும் குழுவில் போடாதீர்கள். கடைசியாக வந்த பிள்ளையின் சித்தப்பாவும் அதே குழுவில்தான் இருப்பார்.

போளூர், ஒரு அப்பா: படி, சாமை என்று பாடம் எடுத்தால் என் மகன் நீட் எழுதுவது எப்படி? நகரத்துப் பிள்ளைக்கு ஒன்று, மலைப் பிள்ளைக்கு ஒன்றா?

உங்கள் கோபம் நியாயமானது. அந்தப் படிப் பாடம் எங்கே போய் முடிந்தது என்பதையும் கேளுங்கள். பள்ளி திறந்ததும் பிள்ளைகள் வீட்டுப் படிகளை எடுத்து வந்தார்கள். தண்ணீர் ஊற்றி லிட்டர் பாட்டிலில் அளந்தோம். ஒரு வீட்டுப் படி ஒன்றரை லிட்டருக்கு மேல் பிடித்தது. இன்னொன்று ஒரு லிட்டர்கூட இல்லை. "அப்போ வியாபாரி எந்தப் படியில சாமை அளந்தான்?" என்று ஒரு பையன் கேட்டான். அலகு மாற்றம், விகிதம், பிழை மூன்றும் அந்த ஒரு கேள்வியில் வந்துவிட்டன. பதினொன்றாம் வகுப்பு இயற்பியலும் அளவீட்டில்தான் தொடங்குகிறது.

அதே அப்பா: சரி டீச்சர், ஆனால் சாமையிலேயே நின்றுவிடும் ஆசிரியர்களும் இருக்கிறார்களே?

இருக்கிறார்கள். அது அநியாயம், அதில் உங்களோடு நிற்கிறேன். படியில் ஆரம்பித்தவர் அந்த வாரத்துக்குள்ளேயே மில்லிலிட்டருக்கும் தசமத்துக்கும் வந்தாக வேண்டும். வராவிட்டால் தலைமை ஆசிரியரிடம் போய்க் கேளுங்கள், பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசுங்கள்.

ஜமுனாமரத்தூர், ஒரு அம்மா: அந்த அண்ணனுக்கு நானும் ஒன்று சொல்கிறேன். என் மகள் அளந்து பார்த்த பிறகுதான் எங்கள் படி சின்னது என்று எனக்கே தெரிந்தது. இப்போது கிலோவில் நிறுத்துத்தான் விற்கிறேன்.

இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை அம்மா. மகளைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

திருவண்ணாமலை: புத்தகத்தில் க்யூஆர் கோடு, கல்வித் தொலைக்காட்சி எல்லாம் இருந்தும் ஏன் இந்தப் பாடு?

2018 புத்தகங்களில் வந்த க்யூஆர் கோடு நல்ல ஏற்பாடு. ஆனால் ஃபோன் இருக்கும் பிள்ளைக்குத்தான் அது திறக்கும். 2019இல் வந்த தொலைக்காட்சி இன்னும் அதிக வீடுகளுக்குப் போனது. ஆனாலும் அது நம் பிள்ளையின் பதிலைக் கேட்காது. 2021 அக்டோபரில் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தபோது தன்னார்வலர்கள் தெருவிலேயே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்கள். அதில்தான் என் பிள்ளைகள் தேறினார்கள்.

கலசப்பாக்கம்: பிள்ளைக்குத் தனியாக எந்த ஃபோன் வாங்கலாம்?

ஆரணிக்காரருக்குச் சொன்னதுதான்.

கல்லூரி மாணவி: விடுதியில் மாலை ஃபோனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். சரியா?

இதே போன்ற வழக்கில் 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், இணையம் பயன்படுத்துவது கல்வி உரிமையின் பகுதி என்று சொல்லி மாணவிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதைக் காட்டி எழுத்தில் கேளம்மா. தனியாகப் போகாமல் தோழிகளோடு கையெழுத்துப் போட்டுக் கொடு.

ஓர் ஆசிரியை: ஃபோன் பற்றி இன்னொரு கேள்வி...

மாடல் பற்றியது என்றால் மன்னிக்கவும்.

அதே ஆசிரியை: இல்லை டீச்சர், வகுப்புக் குழுவில் சேர்ப்பது அப்பா எண்ணா, அம்மா எண்ணா?

இரண்டும். அம்மாவிடம் பட்டன் ஃபோன்தான் இருக்கிறது என்றால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டுப் பேசுங்கள்.