பாக்கை விட்டுவிட்டு வெற்றிலையைப் பேசுகிறோம்

அன்புள்ள ஐயா,

உங்கள் கதைகளில் பெரியவர்கள் வெற்றிலை போட்ட பிறகுதான் பேசவே தொடங்குகிறார்கள். நிஜமாகவே அது மூளையைச் சுறுசுறுப்பாக்குமா? புலவர்கள் தாம்பூலம் போட்டுத்தான் பாடினார்களா? எனக்கு இரவு ஷிஃப்ட். டோம்பிவிலி ஸ்டேஷன் வாசலில் ஒரு பான் கட்டிக்கொண்டு போவேன், இப்போது நாலைந்து ஆகிறது. புகையிலை கிடையாது.
ஆர்.

அன்புள்ள ஆர்.,

புலவர்களை விடுங்கள், அவர்கள் இரவு ஷிஃப்ட் பார்க்கவில்லை.

சுறுசுறுப்பு உண்மைதான். பாக்கில் அரிகோலின் என்ற, நரம்பைத் தூண்டும் பொருள் இருக்கிறது. சுண்ணாம்பு சேர்ந்ததும் அது கன்னத்தின் உட்புறம் வழியாகச் சீக்கிரம் ரத்தத்தில் ஏறும். உடம்பு சூடாகும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், தூக்கம் கலையும். ஒன்று நாலைந்தானதும் அதனால்தான். அதைப் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள்.

புகையிலை இல்லை என்று உங்களுக்கு நீங்களே சான்றிதழ் கொடுத்துக்கொள்கிறீர்களே, அதுதான் எனக்குக் கோபம். மாட்டுங்காவில் இருந்த என் பெரியப்பாவும் இதையேதான் சொல்வார். சிகரெட் வாடையே ஆகாதவர். காம்பு கிள்ளி, நரம்பு உரித்து, இலையின் முதுகில் சுண்ணாம்பு தடவுவதை நாங்கள் சுற்றி உட்கார்ந்து பார்ப்போம், அவ்வளவு அழகு. அப்புறம் ஒரு கட்டத்தில், குழம்பில் காரம் தாங்கவில்லை என்று பெரியம்மாவைத் திட்ட ஆரம்பித்தார். பாவம், அவள் மிளகாயைக் குறைத்துக்கொண்டே போனாள். கோளாறு குழம்பில் இல்லை. கன்னத்தின் உட்சதை வெளுத்து, நார்போல இறுகிக்கொண்டிருந்தது. கடைசியில் இட்லியைப் பிட்டுப் பிட்டு இடுக்கு வழியாகத் தள்ள வேண்டியிருந்தது. பாக்கை நிறுத்தினாலும் அந்த இறுக்கம் பழையபடி இளகுவதில்லை. சிலருக்கு அதுவே புற்றுநோயாகவும் மாறும்.

புகையிலை சேராத தாம்பூலமும், ஏன், தனிப் பாக்குமே புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. நாம் பழியைப் புகையிலைமேல் போடுகிறோம், பெருமையை வெற்றிலைக்குக் கொடுக்கிறோம். பாக்கு மட்டும் மங்கலப்பொருளாகத் தட்டில் உட்கார்ந்திருக்கிறது. கல்யாணத்தில் தாம்பூலப் பையிலிருக்கும் இனிப்புப் பாக்குப் பொட்டலத்தைப் பிள்ளைகள்தான் முதலில் பிரிக்கிறார்கள். யாராவது தடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? சாக்லேட்டுக்குப் பல் சொத்தையாகும் என்று கத்துகிற அம்மாக்களும் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறார்கள்.

ஜீரணம், வாய் மணம் எல்லாம் சரி, வெற்றிலையோடு எனக்குச் சண்டை இல்லை.

கண்ணாடி முன் நின்று வாயை நன்றாகத் திறந்து, மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக நுழைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால் இந்த வாரமே பல் டாக்டரிடம் போங்கள். நுழைந்தாலும் போங்கள். பாக்கை விட்ட புதிதில் சிடுசிடுப்பு வரும், வேலையில் மனம் நிற்காது. அதைச் சாக்கிட்டு இன்னொன்று கட்டச் சொல்லாதீர்கள். ஷிஃப்டுக்கு டீ போதும்.