மூன்று மாதம் ஐரோப்பாவில் ஓர் அமைதியான ஊர்: பென்ஷனில் கட்டுப்படியாகுமா?

கேள்வி: நான் ரயில்வேயில் ஓய்வு பெற்றவன். வயது 63, மனைவிக்கு 60. பென்ஷன் மாதம் 55,000 ரூபாய். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 15 லட்சம் இருக்கிறது. 12 லட்சம் ரூபாய் எஃப்டி இந்த வருடம் முதிர்கிறது. பத்து நாளில் எட்டு நாடு என்று ஓடும் டூர் எங்களுக்கு வேண்டாம். ஐரோப்பாவில் ஒரு சிறிய ஊரில் வாடகைக்கு வீடு எடுத்து, ஆறு மாதம் நிதானமாக இருந்துவிட்டு வர ஆசை. எந்த ஊர்? சேமிப்புத் திட்டத்தை உடைக்க வேண்டியிருக்குமா?
– வாசகர், திருச்சி

பதில்: போகலாம், ஆனால் ஆறு மாதம் முடியாது. ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவில் எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாள்தான் தங்க முடியும். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் அதில் சேர்த்தி. அதற்கு மேல் வேண்டுமென்றால் போர்ச்சுகலின் டி7 போன்ற விசா எடுக்க வேண்டும். 2025 கணக்கில் அதற்குத் தம்பதிக்கு மாதம் 1,305 யூரோ நிரந்தர வருமானம் காட்ட வேண்டும். யூரோவை 105 ரூபாய் என்று வைத்தால் அது சுமார் 1.37 லட்சம். உங்கள் பென்ஷன் அதற்கு எட்டாது. 183 நாளைத் தாண்டினால் அங்கே வரி கட்டும் பொறுப்பும் வந்துவிடும். 85 நாளுக்குத் திட்டமிடுங்கள், போதும்.

ஊருக்கு என் தேர்வு போர்ச்சுகலின் தெற்குக் கரையில் இருக்கும் தவீரா. ஊர் நடுவே ஆறு, அதன் மேல் பழைய கல் பாலம், ஊரை ஒட்டி உப்பளங்கள். ஃபாரோ விமான நிலையத்திலிருந்து 35–40 கிலோமீட்டர்தான். பெரிய ஆஸ்பத்திரியும் ஃபாரோவில் இருக்கிறது, ரயிலிலேயே போய் வரலாம். 65 வயது ஆனவர்களுக்கு அந்த ரயிலில் பாதிக் கட்டணம். உங்களுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். ஐரோப்பாவிலேயே தலைக்கு அதிகமாக அரிசி சாப்பிடுகிறவர்கள் போர்ச்சுகீசியர்கள்தான்.

செலவைத் தீர்மானிப்பது ஊரை விட மாதம்தான். கோடையில் வார வாடகைக்குப் போகும் வீடு, குளிர்காலத்தில் மாத வாடகைக்குக் கிடைக்கும். ஜனவரி 10 போய் ஏப்ரல் 4 திரும்பினால் சரியாக 85 நாள். நவம்பரில் கொடுக்க வேண்டிய லைஃப் சர்டிபிகேட்டையும் கொடுத்துவிட்டே கிளம்பலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். அந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் டைல்ஸ் தரை, கனமான சுவர், ஹீட்டர் வசதி குறைவு. ஜனவரியில் வெளியே வெயில் அடிக்கும், வீட்டுக்குள் கை விறைக்கும். அட்வான்ஸ் அனுப்புமுன் சூடு தரும் ஏசி இருக்கிறதா, கரன்ட் பில் வாடகையில் சேர்த்தியா என்று கேட்டு வாங்குங்கள். வீட்டுக்காரரிடம் ஏசியின் போட்டோவே கேளுங்கள், தப்பில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். வாடகைக்கு மாதம் 900 யூரோ, சாப்பாடு, கரன்ட், ரயிலுக்கு 700 என்று வைக்கிறேன். மூன்று மாதத்துக்கு 4,800 யூரோ, அதாவது 5.04 லட்சம். விமான டிக்கெட், விசா, இன்ஷூரன்ஸுக்கு 2.25 லட்சம். கைக்காவலாக 70,000. மொத்தம் எட்டு லட்சம். எஃப்டியில் மீதி நான்கு லட்சம் நிற்கும். அதை அப்படியே மருத்துவச் செலவுக்கு ஒதுக்கி வையுங்கள்.

சேமிப்புத் திட்டத்தைத் தொடவே வேண்டாம். ஒரு வருடம் ஆன பிறகு பாதியில் முடித்தால் அசலில் 1 முதல் 1.5 சதவீதம் வரை பிடிப்பார்கள். 8.2 சதவீதத்தில் போட்டிருந்தால் காலாண்டுக்கு 30,750 ரூபாய் வருகிறது. நீங்கள் அங்கே இருக்கும்போதும் வரும். வருடத்துக்கு ஒருவர் வெளிநாட்டுக்கு அனுப்பும் பணம் 10 லட்சத்தைத் தாண்டாதவரை, பேங்க் அதில் முன்கூட்டியே பிடிக்கும் டிசிஎஸ் வரியும் கிடையாது.

அங்கே ஏடிஎம்மில் பணம் எடுக்கும்போது, ரூபாயில் கணக்கிடட்டுமா யூரோவிலா என்று திரையில் கேட்கும். ரூபாயைப் பார்த்ததும் கை அதற்குத்தான் போகும். யூரோவையே அழுத்துங்கள், ரூபாயில் அவர்கள் போடும் விலை மோசமாக இருக்கும். இந்திய சிம்மில் ரோமிங்கை இங்கேயே போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பேங்க் ஓடிபி வராமல் தவிப்பீர்கள்.

விசாவுக்கு ஆளுக்குக் குறைந்தது 30,000 யூரோ கவரேஜ் உள்ள இன்ஷூரன்ஸ் கட்டாயம். சுகர், பிரஷர் இருந்தால் பாலிசி எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பல பாலிசிகளில் கவரேஜ் கிடையாது. அந்தக் கவரேஜ் இருக்கிற பாலிசிக்கு ஆயிரம் இரண்டாயிரம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை. மூன்று மாத மாத்திரையையும் டாக்டர் சீட்டையும் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், லக்கேஜில் போட வேண்டாம்.